வெள்ளைச் சுண்டெலி குட்டி எடுக்க: பெட்டி, தீனி, வெயில், ஆணை எப்போது பிரிப்பது?

மொட்டைமாடி_திருச்சி

வணக்கம். வெள்ளைச் சுண்டெலியில் ஒரு ஆண், ரெண்டு பெண் வாங்கி ஒன்றிரண்டு ஈத்து எடுக்கலாம் என்று யோசனை. பாம்புத் தீனிக்கு இல்லை, வளர்க்கத்தான். குட்டி கேட்டு வைத்திருக்கும் வீடுகள் நாலைந்து உண்டு.

கையில் இருப்பது பழைய மீன்தொட்டி, 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். மேலே கம்பி வலை போட்டுவிடலாம். அறையில் ஏசி கிடையாது, மே மாதம் 40 டிகிரி தாண்டும். கடைக்காரர் சொன்னது: அடியில் மர டிப்போ ரம்பத்தூள், தீனிக்குப் பாலில் நனைத்த ரொட்டி, மூன்றையும் ஒன்றாகவே விட்டுவிடலாம். இதில் எது சரி, எது தப்பு? எறும்புத் தொல்லையும் உண்டு. நாற்றம் வந்தால் வீட்டில் பெட்டியோடு என்னையும் வெளியே தள்ளிவிடுவார்கள்.

கூண்டுக்காரி_கோவை

கடைக்காரர் சொன்ன மூணும் தப்புங்க. ஒவ்வொண்ணா வர்றேன்.

அதுக்கு முன்னாடி, வாங்கறது சுண்டெலிதானான்னு பாருங்க. வெள்ளைப் பெரிய எலி (rat) குட்டியையும் "வெள்ளை எலி"ன்னு அதே கூண்டுல வெச்சு விக்கறாங்க. உடம்பு அளவு ஒண்ணா இருந்தாலும் பெரிய இனத்துக் குட்டிக்குப் பின்னங்கால் பாதம் உடம்புக்குப் பொருந்தாம நீளமா இருக்கும், மூஞ்சி மழுங்கலா, வால் தடியா இருக்கும். சுண்டெலிக்கு மூஞ்சி கூர்மை, உடம்போட ஒப்பிட்டா காது பெரிசு, வால் மெல்லிசு. கலந்து வெச்சீங்கன்னா பெரிசு வளர்ந்ததும் சின்னதைக் கொன்னுரும்.

ஆண் பெண் பாக்கறது சுலபம். மலத்துளைக்கும் அதுக்கு முன்னாடி இருக்கற சின்ன மேட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்க. ஆணுக்கு அது பெண்ணைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வளர்ந்த ஆணுக்கு விதைப்பை தெரியும், ஆனா பயந்தா உள்ள இழுத்துக்கும். அதனால இடைவெளியை நம்புங்க, பையை நம்பாதீங்க.

மீன்தொட்டியில இடம் போதும், காத்துதான் போதாது. கண்ணாடி நாலு பக்கமும் அடைச்சிருக்கறதால மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியா அடியிலயே தேங்கும். நம்ம மூக்குக்கு மேல வாடை வர்றப்ப, அடியில படுத்திருக்கற எலிக்கு அது பல மடங்கு. சுண்டெலிங்க சாகறதுல மூச்சுக்கோளாறு முக்கியமான காரணம். மைக்கோப்பிளாஸ்மாக் கிருமி பல எலிங்க உடம்புல சத்தமில்லாம இருக்கும், அமோனியா நெடி ஏறினா கிளம்பிரும்.

40-50 லிட்டர் பிளாஸ்டிக் சாமான் பெட்டி வாங்குங்க. ரெண்டு நீளப் பக்கத்துலயும் மூடியிலயும் சன்னல் வெட்டி, கால் இஞ்ச் சதுரக் கண் உள்ள ஜிஐ வெல்டு வலையை உள்பக்கமா வெச்சு, வாஷர் போட்ட சின்ன போல்ட்டால முடுக்குங்க. அரை இஞ்ச் கண் வேண்டாம், மூணு வாரக் குட்டி சுலபமா நுழைஞ்சு போயிரும். கொசுவலையை ஒரே ராத்திரியில கடிச்சிரும். வெட்டின பிளாஸ்டிக் விளிம்பு உள்ள நீட்டிட்டு இருக்கக் கூடாது, பல்லு பிடிக்கற இடத்துல இருந்துதான் ஓட்டை ஆரம்பிக்கும்.

ரம்பத்தூள் வேண்டவே வேண்டாம். பொடித்தூசி நுரையீரலுக்குப் போகும். டிப்போ தூள்ல பிளைவுட் பசையும் கரையான் மருந்தும் கலந்திருக்கும். பைன், தேவதாரு மாதிரி வாசனை மரத்தூளும் ஆகாது. நம்மூர்ல நெல் உமி நல்லா வேலை செய்யும், இங்க பல ஆய்வுக்கூடங்கள்லயே சூடேத்திச் சுத்தம் பண்ணின உமிதான் போடறாங்க. ஆனா மில்லுல காட்டெலி மூத்திரம் பட்டிருக்கும். அதனால சலிச்சுத் தூசி எடுத்து, நல்ல வெயில்ல ரெண்டு நாள் காய வெச்சு, முடிஞ்சா சின்னச் சின்னப் பையா ஃப்ரீசர்ல 48 மணி நேரம் வெச்சு எடுங்க. 2 இஞ்ச் கனம் போடுங்க. கூடு கட்ட வாசனை இல்லாத டிஷ்யூ பேப்பர், நீளமாக் கிழிச்ச வெள்ளைத் தாள். பஞ்சும் நூலும் போடாதீங்க, குட்டி காலைச் சுத்திக்கிட்டு ரத்தஓட்டம் நின்னுரும்.

தண்ணிக்கு உருண்டை வெச்ச குழாய் பாட்டில். கிண்ணம் வெச்சா உமி நிறைஞ்சிரும், குட்டி முங்கிச் செத்தும் போகும். குழாய் முனை உமிக்கு 2 இஞ்ச் மேல இருக்கணும். உமி முனையைத் தொட்டா மொத்தத் தண்ணியையும் உறிஞ்சிக் கூட்டை நனைச்சிரும். தினமும் முனையை விரலால தட்டிப் பாருங்க. உள்ள காத்து அடைச்சிட்டா பாட்டில் நிறைஞ்சிருக்கும், ஒரு சொட்டும் வராது. பாட்டிலைப் பாத்து "தண்ணி இருக்கு"ன்னு நெனைக்கறதுதான் பெரிய ஆபத்து.

நாத்தத்துக்கு: ஒரே மூலையிலதான் பெரும்பாலும் மூத்திரம் போகும். அந்த மூலையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அள்ளுங்க, வாரம் ஒருக்கா முழுசா மாத்துங்க. மாத்தறப்ப பழைய கூட்டுல இருந்து ஒரு கைப்பிடி புதுசுல போட்டுருங்க. மொத்த வாடையும் போயிருச்சுன்னா ஆண் எலி வெறியோட எல்லா இடத்துலயும் மூத்திரத்தால திரும்பக் குறி வைக்கும், நாத்தம் அதிகந்தான் ஆகும். பாச்சா உருண்டை, சாம்பிராணி, கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில கூடாது.

வாலறிவன்

பெட்டி விஷயம் மேலே முழுதாக வந்துவிட்டது. ஆணைப் பற்றி மட்டும்.

கணக்கை முதலில் பாருங்கள். கர்ப்பம் 19 முதல் 21 நாள். ஓர் ஈத்தில் 6 முதல் 12 குட்டி. ஈன்ற 24 மணி நேரத்துக்குள் பெண் மறுபடி சினைப்பருவத்துக்கு வரும், அதாவது சேர்க்கைக்குத் தயாராகும். ஆண் கூடவே இருந்தால் அன்றைக்கே அடுத்த சினை பிடித்துவிடும். ரெண்டு பெண்ணுக்கும் எட்டெட்டு வைத்தால் 16. நாலு வாரத்தில் இன்னொரு 16. அதற்குள் முதல் 16-ல் உள்ள பெண்கள் ஐந்தாறு வாரத்தில் பருவம் அடைந்து தகப்பனிடமும் அண்ணன்களிடமும் சினை பிடிக்கும். உங்களிடம் நாலைந்து வீடுதான் இருக்கிறது.

ஆகவே: ஒரு நேரத்தில் ஒரு பெண்ணை மட்டும் சேருங்கள். மற்றது துணைக்கு இருக்கட்டும், பெண்கள் தனியாக இருக்க விரும்பாது. முதல் சேர்க்கைக்குப் பெண்ணுக்கு 8 முதல் 12 வாரம் சரியான வயது. ஆறேழு மாதம் தாண்டி முதல் ஈத்துக்கு விடாதீர்கள், பிரசவம் சிக்கலாகும்.

சினைச் சுழற்சி 4-5 நாளுக்கு ஒரு முறை. சேர்ப்பதற்கு மூன்று நாள் முன்பு ஆண் மூத்திரம் பட்ட உமியில் ஒரு பிடியைப் பெண் பெட்டியில் போட்டால், மூன்றாம் இரவு வாக்கில் பெரும்பாலும் சினைப்பருவத்துக்கு வந்துவிடும். பெண்ணை ஆணின் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். பெண் பெட்டியில் ஆணை விட்டால் முதல் அரைமணி இடத்தை முகர்வதிலேயே போகும், சில பெண்கள் கடித்தும் விரட்டும். காலையில் பார்த்தால் பெண்குறியில் வெண்மையான கெட்டி அடைப்பு தெரியலாம். அது சேர்க்கை நடந்ததற்கு அடையாளம், சினை உறுதி என்று அர்த்தமில்லை. ஒரு நாளுக்குள் விழுந்துவிடும்.

10 நாள் ஒன்றாக இருக்கட்டும், ரெண்டு சுழற்சி வந்துவிடும். பிறகு பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். 13, 14-ஆம் நாளில் வயிறு பக்கவாட்டில் புடைத்துத் தெரியும். முதல் நாலைந்து நாளுக்குள் வேறு ஆணின் வாடை பட்டால் கரு தங்காமல் போவதும் உண்டு. பழகாத ஆணை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், அதைத் தொட்ட கையையும் கழுவிவிட்டு வாருங்கள்.

பழைய_கூண்டு

ஆணைப் பிரிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. சுண்டெலி ஆண் குட்டிகளைக் கூட்டில் சேர்த்து அணைத்துப் படுக்கும், நல்ல தகப்பன். பிரித்தால் தனியாக வாடும், திரும்பச் சேர்க்கும்போது சண்டை. உலகம் முழுக்க சோதனைச்சாலைகளில் ஜோடியாகவே விடுகிறார்களே.

வாலறிவன்

தகப்பன் நல்லவன் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. சோதனைச்சாலைக்குத் தொடர்ச்சியாக எலி வேண்டும், அதனால் ஜோடியை விட்டுவைக்கிறார்கள். வீட்டில் நிலைமை நேர் எதிர். தாய் எட்டுக் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமக்கும். பால் குடிக்கும் குட்டிகள் நிறைய இருந்தால் கரு பதிவதே தள்ளிப்போய்ப் பிரசவம் ஒரு வாரம் வரை தாமதமாகும், நாள் கணக்கு தவறும். அடுத்த ஈத்து பிறக்கும்போது மூத்தவை இன்னும் கூட்டில் இருந்தால் பிறந்ததை மிதித்துக் கொல்லும்.

தனிமை பற்றிச் சொன்னது நியாயம். ஆண் பெட்டியில் ஓடுசக்கரம், மறைவிடம், நிறையக் கூடுதாள் வையுங்கள். அதை இன்னொரு வளர்ந்த ஆணோடு மட்டும் சேர்க்காதீர்கள். வால் அடி, முதுகு, விதைப்பை மூன்றும்தான் கடிபடும் இடங்கள்.

கம்பு_சோளம்

ரொட்டி-பால் பற்றி யாரும் பேசவில்லை. பால் வயிற்றுப்போக்கு தரும், நனைந்த ரொட்டி நம் வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்துப் பூசணம் பிடிக்கும். ரெண்டையும் விடுங்கள்.

ஆய்வுக்கூட எலிகளுக்கான குச்சித்தீனி கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. காரணம், எல்லாக் கடியும் ஒரே சத்து. கலவை போட்டால் எலி பொறுக்கும்: முதலில் சூரியகாந்தி, கடைசியில் கம்பு. கிடைக்காவிட்டால் 1 கிலோவுக்கு இப்படி:

கோதுமை 300 கிராம், கம்பு 200, ஓட்ஸ் 200, பொட்டுக்கடலை 150, சோயா உருண்டை 100 (உடைத்து), தோலோடு சூரியகாந்தி விதை 50.

கணக்குப் போட்டால் புரதம் 18 சதவீதத்தை ஒட்டி வரும். சினை எலிக்கும் பால் கொடுப்பதற்கும் அது வேண்டும். சும்மா இருக்கும் ஆணுக்குச் சோயாவைப் பாதியாக்கலாம், இல்லையென்றால் கொழுக்கும். நிலக்கடலை நான் சேர்க்கவில்லை. பூசண நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, 30 கிராம் உடம்புக்கு அது தாங்காது.

தானியத்தில் சுண்ணாம்புச்சத்து கம்மி. பறவைக் கடையில் விற்கும் கணவாய் ஓடு ஒரு துண்டு எப்போதும் பெட்டியில் கிடக்கட்டும். வாரம் ரெண்டு முறை முருங்கைக்கீரை நாலு இலை, கேரட் ஒரு சீவல். பால் கொடுக்கும் தாய்க்குத் தினமும் அவித்த முட்டை, சுண்டுவிரல் நுனி அளவு. ரெண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும்.

அளவு: வளர்ந்த எலிக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம், தண்ணீர் 4 முதல் 6 மில்லி. கலவைத் தீனியை இந்த அளவில் போட்டு, அது காலியான பிறகு அடுத்ததைப் போடுங்கள். பால் கொடுக்கும் தாய் இதைப் போல ரெண்டு மூன்று மடங்கு தின்னும், அப்போது மட்டும் அளக்காதீர்கள். கிண்ணத்தில் வைப்பதைவிட உமியில் தூவுங்கள், தேடித் தின்னட்டும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், வேகாத பயறு வகை, உப்புக் கருவாடு கூடாது.

நாகை_நிழல்

வெயிலுக்கு வருகிறேன், ஏனென்றால் திருச்சியில் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் மே மாதம் கணக்கைத் தீர்த்துவிடும்.

சுண்டெலிக்கு 20 முதல் 26 டிகிரி சுகம். 30 தாண்டினால் கவனம், 35-க்கு மேல் உயிர் ஆபத்து. அதற்கு வியர்க்காது. எச்சிலை ரோமத்தில் பூசிக்கொண்டும், வால் வழியாகவும்தான் சூட்டை இறக்கும். பால் சுரக்கும் தாய்க்கு உடம்பே கொதிப்பில் இருக்கும். சுற்றிலும் வெக்கை என்றால் அது தீனியைக் குறைக்கும், பால் குறையும், குட்டி சவலையாகும். ஆணுக்கும் வெக்கையில் விந்து கெடும். ஆக மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை ஏசி இல்லாத அறையில் ஈத்தே எடுக்காதீர்கள். செப்டம்பரில் சேர்த்து ஜனவரிக்குள் முடிப்பது திருச்சிக்குத் தோது. மழைக்காலத்தில் உமி ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும், அப்போது வாரம் ரெண்டு முறை மாற்றவேண்டிவரும்.

சும்மா வைத்திருக்கும் எலிகளைக் கோடையில் காப்பாற்ற: மாடி அறையை விட்டுக் கீழே இறக்குங்கள், தரையை ஒட்டி வையுங்கள். ஒரு மண் ஓட்டையோ தரை டைல்ஸ் துண்டையோ ஈரத்துணியில் சுற்றிக் குளிரவைத்து, துணியை எடுத்துவிட்டு உள்ளே போடுங்கள், வயிற்றை ஒட்டிப் படுக்கும். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வலைக்கு வெளியே சாய்த்து வையுங்கள். மின்விசிறி நேராக அடிக்கக் கூடாது, சுவரில் பட்டுத் திரும்பட்டும். ஏர் கூலர் திருச்சியின் வறண்ட வெயிலுக்கு உதவும், நாகைப் பக்கம் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

எலி தட்டையாகப் பரந்து கிடந்து, தாடை எச்சிலில் நனைந்து, தொட்டால் அசையாமல் இருந்தால் வெப்பம் தாக்கியிருக்கிறது. குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் வாலையும் பாதங்களையும் துடையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.

எறும்பு: கண் திறக்காத குட்டிகளை ஒரே இரவில் முடித்துவிடும். பெட்டியை நாலு கால் ஸ்டாண்டில் ஏற்றி, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், தண்ணீரில் பாத்திர சோப்பு ஒரு சொட்டு. ஸ்டாண்ட், ஒயர், திரைத்துணி எதுவும் சுவரைத் தொட்டபடி இருக்கக் கூடாது, எறும்புக்கு அது பாலம். கிண்ணத் தண்ணீரை வாரம் ரெண்டு முறை மாற்றுங்கள், டெங்குக் கொசு வளர்த்த புண்ணியம் வேண்டாம். எறும்பு சாக்பீஸ், மருந்து ஸ்ப்ரே பெட்டி பக்கமே வரக்கூடாது.

மொட்டைமாடி_திருச்சி

எல்லாருக்கும் நன்றி. செப்டம்பருக்குத் தள்ளிவிட்டேன். ரெண்டு சந்தேகம். குட்டியைத் தொட்டால் தாய் தின்றுவிடும் என்கிறார்களே, எத்தனையாவது நாளில் தொடலாம்? வெள்ளைக்குப் பதில் கறுப்பு, பழுப்பு என்று நிறம் எடுக்க என்ன செய்வது?

கூண்டுக்காரி_கோவை

தொட்டதாலயே திங்கறது அபூர்வங்க. செத்துப் பிறந்ததைத் தின்னும், அது கூட்டைச் சுத்தம் பண்ற வேலை. உயிரோட இருக்கறதைத் தின்னா தண்ணி நின்னு போச்சு, புரதம் பத்தலை, சத்தம், பூனை, பெட்டியை இடம் மாத்தினது, இதுல ஒண்ணு இருக்கும். முதல் ஈத்துத் தாய் கொஞ்சம் தடுமாறும். அதனால ஈன்ற முதல் மூணு நாள் கூட்டைக் கலைக்காதீங்க, முழுச் சுத்தமும் ஒரு வாரம் வேண்டாம். தாய் தீனிக்கு வெளிய வர்றப்ப மூடியைத் தூக்கி எட்டிப் பாருங்க. ரோஜா நிறத் தோலுக்குள்ள இடப்பக்கம் வெள்ளைப் பட்டையாப் பால் தெரிஞ்சா வயிறு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். பட்டை இல்லாம, சுருங்கி, கூட்டுக்கு வெளிய கிடந்தா குளிர்ந்து போச்சு. உள்ளங்கையில வெச்சு சூடாக்கித் திரும்பக் கூட்டுல விடுங்க. தொடறதுக்கு முன்னாடி பெட்டி உமியில கையைத் தேச்சுக்குங்க.

3, 4-ஆம் நாள் காது மடல் விரியும். ஒரு வாரத்துல ரோமம் பட்டு மாதிரி வரும். 9, 10-ஆம் நாள் பாருங்க, பெண் குட்டிக்கு வயித்துல அஞ்சு ஜோடி காம்புப் புள்ளி தெளிவாத் தெரியும், ஆணுக்கு இருக்காது. ரோமம் அடர்ந்துட்டா மறைஞ்சிரும், அதனால அன்னிக்கே குறிச்சு வைங்க. 12-லிருந்து 14-க்குள்ள கண் திறக்கும், அதுக்கப்புறம் ஒரு வாரம் மூடியைத் திறந்தா பெட்டிக்கு வெளியவே எகிறும். குளியலறைத் தொட்டிக்குள்ள பெட்டியை வெச்சுத் திறக்கறது நல்லது. இந்த வாரத்துலதான் தினம் கையில எடுத்துப் பழக்கணும்.

வாலைப் பிடிச்சுத் தூக்காதீங்க. 2010-ல லிவர்பூல் பல்கலைக்கழகத்துல ஒப்பிட்டுப் பாத்தாங்க. வாலைப் பிடிச்சு எடுத்த எலிங்க மனுஷக் கையைக் கண்டு ஒதுங்குச்சு, குழாய்க்குள்ள விட்டோ குவிச்ச கையிலயோ எடுத்தது தானா வந்துச்சு. டிஷ்யூ ரோல் அட்டைக்குழாயே போதும்.

21-ஆம் நாள் தானாத் தின்னும். தண்ணிக்குழாய் குட்டிக்கு எட்டுதான்னு அப்பப் பாருங்க, எட்டாமத்தான் நல்ல குட்டியெல்லாம் வாடிப் போகும். 28-ஆம் நாள் ஆண் குட்டி எல்லாம் தனிப் பெட்டி. "இன்னும் சின்னதுதானே"ன்னு ஒரு வாரம் தள்ளினா அம்மாவே சினை.

வாலறிவன்

நிறம்: சிவப்புக்கண் வெள்ளை ரெண்டைச் சேர்த்தால் எல்லாம் வெள்ளைதான், எத்தனை தலைமுறை போனாலும். அந்த வெள்ளை மற்ற நிறங்களை மூடும் ஒடுங்குபண்பு. அதற்கடியில் கறுப்பும் இருக்கலாம், காட்டுப்பழுப்பும் இருக்கலாம், திட்டுப் புள்ளியும் இருக்கலாம். ஒரு கறுப்போடு சேர்த்தால் அடியில் இருந்தது கறுப்பா, காட்டுப்பழுப்பா என்று முதல் ஈத்திலேயே தெரியும்.

மஞ்சள் கிடைத்தால் மஞ்சளோடு மஞ்சளைச் சேர்க்காதீர்கள். அந்த மரபணு ரெண்டு பக்கமும் வந்த கரு வயிற்றிலேயே அழியும், ஈத்தில் கால்வாசி குறையும். 1905-ல் பிரான்சில் மரபியல் ஆய்வாளர் கெனோ இந்த எலிகளை வைத்துத்தான், மஞ்சளுக்கு மஞ்சள் சேர்த்தால் மஞ்சளும் மற்ற நிறமும் எதிர்பார்த்தபடி 3-க்கு 1 வருவதில்லை என்று காட்டினார்; கரு அழிவதால் அது 2-க்கு 1 ஆகிறது. மஞ்சளுக்குக் கறுப்பு ஜோடி போடுங்கள், நட்டமில்லை.

நாகை_நிழல்

ஒன்று விட்டுப்போனது. மூச்சில் கிட்கிட் சத்தம், முதுகு கூனி ரோமம் சிலிர்த்திருப்பது, காதுக்குப் பின்னால் புண்ணாகும் அளவு சொறிவது, இதில் எது வந்தாலும் ஈத்துக்கு விடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சொறிவதற்குப் பெரும்பாலும் ரோம உண்ணிதான் காரணம். நாய்க்கு விடும் உண்ணி மருந்தைத் தோராயமாக ஒரு சொட்டு விட்டால் எலி போய்விடும். ஐவர்மெக்டின் கொடுத்தாலும் மருத்துவர் எடை பார்த்துத்தான் அளக்கவேண்டும். பால்குடிக் குட்டி இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள், அந்த வயதில் மருந்து மூளை வரை போகும். போகும்போது சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், பல மருத்துவமனைத் தராசில் 30 கிராம் பதியவே பதியாது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பெட்டி கழுவும் வேலையை அவருக்குத் தராதீர்கள். வீட்டுக்குள் வரும் காட்டெலி இந்தப் பெட்டியை நெருங்காதபடி பாருங்கள், எலிக்காய்ச்சல் முதல் உண்ணி வரை எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். மிஞ்சிய குட்டியை வயலில் விடுகிறேன் என்று கிளம்பாதீர்கள், காக்கைக்கும் பூனைக்கும் பொழுது விடிவதற்குள் இரையாகும். கொடுக்கும் வீடுகளுக்குப் பெண் என்றால் ரெண்டாகக் கொடுங்கள், ஆண் என்றால் ஒன்று போதும்.